தீராத கம்பு

மொட்டை மாடியில் பறவைகளுக்கு வைக்கிற கம்பு சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். ஐப்பசி பிறந்து நல்லதாக இரண்டு மழை விழுந்தால், அதே கம்பு சாயங்காலம் வரை சீந்துவாரில்லாமல் கிடக்கும். வேலப்பன்சாவடிக்கு நாங்கள் குடிவந்த புதிதிலேயே அம்மா இதைக் கவனித்துவிட்டாள். "வெயில்ல வந்து அந்தக் கூத்து அடிச்சுதுங்க. மழையும் குளிருமா இருக்கிற இப்பதானே தீனி வேணும்? இப்பப் பாத்து ஒண்ணையும் காணோமே" என்பாள். கூப்பிட்டும் வராமல் போனது அவளுக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது.

அப்போது எங்கள் தெருவில் வீடுகளைவிட மனைகள்தான் அதிகம். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நாலைந்து வீடு, அப்புறம் வரிசையாக நாலு மூலையிலும் கல் நட்டு எண் எழுதிய காலி இடங்கள். வாங்கிப் போட்டவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து, கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். வடக்கே கூவம், அதற்கப்பால் அயனம்பாக்கம் ஏரி, மேற்கே திருவேற்காடு. நெடுஞ்சாலையில் ராத்திரியெல்லாம் லாரி ஓடும். இந்தப் பக்கம் எருக்கும் ஆமணக்கும் சீமைக்கருவேலமுமாக இருக்கும். மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளரும். மனை வாங்கியவர்கள் அதைப் 'புதர்' என்றார்கள்.

தட்டு வைக்கிற பழக்கம் அம்மாவுடையது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அவள் பிறந்த வீட்டில், தை அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னித் திண்ணை விட்டத்தில் கட்டுவார்களாம். சிட்டுக்குருவி நாள் முழுக்க அதில் தொங்கிக்கொண்டு கொறிக்கும். குஞ்சத்துக்கு இங்கே வழியில்லை. அதனால் செடித்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண்தட்டு ஒன்றில் கம்பும் நொய்யும், இன்னொன்றில் தண்ணீர். மச்சான் ஒருவர் பிளாஸ்டிக்கில் அழகான தீனிக்கூண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அணில்கள் ஒரு வாரத்தில் அதன் மூடியைக் கழற்றக் கற்றுக்கொண்டன.

கோடையில் யார் யார் வருவார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். முதலில் மணிப்புறா ஜோடி. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். பிறகு மைனாக்கள், அவற்றை விரட்டக் காகங்கள். தவிட்டுக்குருவிகள் ஆறேழு சேர்ந்து, சண்டைபோட்டுக்கொண்டே வந்து, சண்டைபோட்டுக்கொண்டே போகும். கொண்டைக்குருவிக்குத் தானியம் ஆகாது. வாழைப்பழத்துண்டு இருந்தால் வரும். கிளிகள் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தலைகீழாகத் தொங்கி நோட்டம் பார்க்கும். நெல்லுக்குருவி என்று அம்மா சொல்கிற புள்ளிச் சில்லைகள், நெஞ்சில் மீன் செதில்போலக் கோடுகளோடு, கூட்டமாக வந்து தட்டின் விளிம்பு முழுக்க உட்காரும்.

இத்தனையும் ஐப்பசியில் காணாமல் போகும். காரணம் சொல்லத் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. குளிருக்கு வேறு ஊர் போய்விட்டன என்றார் ஒருவர். எங்கள் பக்கத்துக் குளிர் ஒரு போர்வையைக்கூடக் கேட்காது என்பது அவருக்கும் தெரியும். செல்போன் கோபுரம்தான் என்றது பெரும்பான்மை. 2018 நவம்பர் கடைசியில், செல்போன் கோபுரத்தால் பறவைகள் சாவதாகக் காட்டிய '2.0' படம் வெளிவந்த பிறகு இந்தக் கட்சிக்கு வலு கூடிவிட்டது. அந்த வருஷம் பிள்ளைகள் என் கையில் இருந்த போனைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தக் கோபுரம் ஐப்பசியில் மட்டும் வேலைசெய்து சித்திரையில் எப்படி விடுப்பு எடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவளும் அம்மாதான். ஒரு கார்த்திகை மாதக் காலை, மழை விட்டிருந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்து மனையைக் காட்டினாள். புல் முழுக்கக் கதிர் விட்டிருந்தது. அதில் எங்கள் நெல்லுக்குருவிகள் அத்தனையும் இருந்தன. ஒரு குருவி தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மேலே மேலே நகர்ந்தது. பாதிக்கு மேல் போனதும் எடை தாங்காமல் தண்டு வளைந்து பக்கத்துப் புல்லின் மேல் சாய்ந்தது. குருவி பறக்கவில்லை. சாய்ந்த தண்டைக் காலால் அமுக்கிக்கொண்டு, கதிரை அலகுக்குள் விட்டு அடியிலிருந்து நுனிவரை உருவியது. அலகின் இரண்டு ஓரத்திலும் உமி வழிந்தது. அந்தக் கதிர் முடிந்ததும் அடுத்த தண்டு. இன்னொன்று நீளமான புல் இலை ஒன்றை, தன்னைப்போல இரண்டு மடங்கு நீளம் இருக்கும், வாயில் கவ்விக்கொண்டு கருவேலம் புதருக்குள் போனது. கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"பால் புடிச்ச கதிருடா. அத்த வுட்டுட்டு உன் காஞ்ச கம்பைத் தின்ன வருமா?" என்றாள் அம்மா. அன்றோடு அவள் மனத்தாங்கல் தீர்ந்தது. ஐப்பசி முதல் தை வரை தட்டில் ஒரு கைப்பிடிக்கு மேல் போடுவதையும் நிறுத்திவிட்டாள். கம்பு விலைக்கு அது லாபம் என்பதையும் சொல்லத் தவறவில்லை.

சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே நாம் குளிர்காலம் என்று சொல்வது இந்த மண்ணில் பஞ்சகாலமே இல்லை. புல் விதைக்கிறது, புழு பூச்சி பெருகுகிறது, திருமழிசை, வெள்ளவேடு பக்கத்துக் கழனிகளில் சம்பா நெல் கதிர் முற்றுகிறது. எங்கள் கிளிகளும் புறாக்களும் அங்கே போயிருந்தால் ஆச்சரியமில்லை. பஞ்சம் வருவது பங்குனிக்குப் பிறகு. புல் கருகி, குட்டை வற்றி, மண் இறுகிக் கிடக்கும்போதுதான் மண்தட்டுக்கு மதிப்பு. விட்டத்து நெற்குஞ்சமும் கழனி வெறிச்சோடிய பிறகுதானே கட்டப்பட்டது? எங்கள் பாட்டிக்குத் தீனி வைக்கும் காலம் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். டிசம்பரில் லண்டனுக்கு எட்டு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் ஒரு சின்னக் குருவி பதினாறு மணி நேர உறைபனி ராத்திரியைத் தாண்ட வேண்டும். அங்கே தோட்டத்தில் தீனி தொங்கவிடுவது உயிர்ப்பிச்சை. அங்கேயும்கூட இலையுதிர் காலத்தில் வேலிகளில் பழமும் விதையும் மண்டியிருக்கும்போது தீனிக்கூண்டுகள் வெறிச்சோடும்; பீச் மரங்கள் அமோகமாய்க் காய்க்கிற வருஷமானால் குளிர் வந்த பிறகும் பல குருவிகள் காட்டைவிட்டு வராது. சென்னையிலோ மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இங்கே ராத்திரி யாரையும் கொல்வதில்லை. மேலைநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து மார்கழியில் தட்டை நிரப்பி, சித்திரையில் மறந்துபோகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈசலைச் சொல்லாமல் விட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. முதல் பெருமழைக்கு அடுத்த ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி ஈசல் புகைபோல எழும்பும். அம்மாவின் ஊரில் குழி வெட்டி விளக்கு வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பார்கள். எங்கள் தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள். விடிந்து பார்த்தால் வாசலெல்லாம் இறக்கை. அன்று காலை மாடியில் நின்றால் பறவைகளுக்கு இருக்கும் மும்முரம் வேறு எந்த நாளிலும் கிடையாது. கரிச்சான் மின்கம்பியிலிருந்து பாய்ந்து காற்றிலேயே பிடிக்கும். மைனா தரையில் நடந்துகொண்டே கொத்தும். காகம் தத்தித் தத்தி ஓடிப் பிடிக்கும். பழம் தின்னும் கொண்டைக்குருவிகூட அன்றைக்குப் புலால் பக்கம். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டுகிறது. வளர்கிற உடம்புக்குக் கம்பு போதாது. மழையோடு கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பூச்சி தேடி அலைகிற வேளையில் மாடியில் காய்ந்த தானியம் வைத்துக் காத்திருந்தால் யார் வருவார்கள்?

இதெல்லாம் ஊகம்தானே என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு வருஷங்கள் அதைத் தீர்த்துவைத்தன.

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் முதல் தேதி வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கூவம் நிரம்பித் தரைப்பாலங்கள் முழுகின, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, பால் பாக்கெட்டுக்கு அலைந்தோம். மாடித் தட்டில் மட்டும் கம்பு அப்படியே இருந்தது. மனிதர்களுக்கு உணவுப் பொட்டலம் தேவைப்பட்ட அந்த மாதத்தில் பறவைகளுக்கு எங்களிடம் எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் வடிந்த மனைகளில் தைப்பொங்கல் வரை புல் பச்சையாக நின்றது. மாசி பிறந்த பிறகுதான் மணிப்புறா ஜோடி கைப்பிடிச் சுவருக்குத் திரும்பி வந்தது.

2016 நேர் எதிர். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மனைகளில் புல் முளைத்ததோடு சரி, கதிர் விடவில்லை. ஈசலும் பெயருக்குத்தான். பணமதிப்பிழப்பு வந்து ஏடிஎம் வாசலில் நாங்கள் வரிசையில் நின்ற அந்தக் கார்த்திகையில், எங்கள் மாடியில் கோடைக்கூட்டம் கூடியது. அதோடு போகவில்லை. டிசம்பர் 12, வர்தா புயல். ஒரே பகலில் எங்கள் முருங்கை முறிந்தது, எதிர்வீட்டு வேப்பமரம் சுவரோடு சாய்ந்தது, தெருக்கோடியில் இருந்த தூங்குமூஞ்சி வேரோடு படுத்தது. மறுநாள் வெயிலடித்தது. காலையில் மாடிக்கு ஏறினால் உட்கார இடமில்லாமல் பறவைகள். தேன்சிட்டு, பூ எதுவும் மிச்சமில்லாததால், அறுந்து கிடந்த செம்பருத்திக் கிளையை வந்து சுற்றியது. அதுவரை எங்கள் தட்டுப் பக்கம் வராத செம்போத்து அன்று சுவரோரம் நடந்து வந்து, மைனா சிந்திய சோற்றைத் தின்றது. அம்மா அன்று தட்டோடு நிற்கவில்லை. முறத்தில் நொய்யைப் பரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ராயப்பேட்டைக்குப் போனேன். பாரதி சாலையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் வீட்டு மாடியில் கிளிகள் வருவதைப் பத்திரிகைகள் அப்போது எழுதாத மாதமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஒன்றிரண்டாக வந்தவை ஆயிரக்கணக்கில் பெருகின. ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் கோடு இழுத்தாற்போல் நேராக வைத்திருந்தார். நாலு மணியிலிருந்து சுற்றுவட்டாரக் கம்பிகளெல்லாம் பச்சையாயின. பிறகு ஒரே சமயத்தில் இறங்கின. பலகையின் மரம் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டாமல் இருக்கச் சிரமப்பட்டார்கள். மார்கழி மாதம் அது. வருமானத்தில் கணிசமான பகுதியை அரிசிக்குச் செலவழித்த மனிதரை வணங்கத்தான் தோன்றியது. ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒன்றே தோன்றிக்கொண்டிருந்தது: ராயப்பேட்டையில் காலி மனை ஏது? கதிர் ஏது? எங்கள் கிளிகளுக்குப் போக வெள்ளவேடு இருந்தது. அவற்றுக்கு அந்த மாடி.

மழைநாளில் தட்டுக்குப் பறவை வராததற்கு இன்னும் சில்லறைக் காரணங்கள் உண்டு. வல்லூறு ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் காலையில் வந்து உட்கார ஆரம்பித்தால் நாலைந்து நாளைக்கு ஒரு புறா எட்டிப் பார்க்காது. அது கூரையை மாற்றிக்கொண்டதும் வந்துவிடும். இன்னொன்று நனைந்த தானியம். இரண்டு நாளில் கம்பு முளைவிடும், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்து வாடையடிக்கும். அம்மா அந்தத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பாள். இந்தச் சுத்தத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2005 வாக்கில் கிரீன்ஃபிஞ்ச் குருவிகளுக்கு ஒரு தொண்டைநோய் வந்தது. தட்டிலும் தண்ணீரிலும் விழுந்த எச்சில் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி, தோட்டமெங்கும் இருந்த அந்தப் பறவையை 2021-இல் சிவப்புப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்போடு வைத்த தட்டுகள்தான் நோயையும் பரப்பின.

மாடி போர்ஷனில் கொஞ்ச காலம் ஒரு கல்லூரி மாணவர் குடியிருந்தார். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் விடியற்காலையிலேயே தெருவில் இருப்பார். "குருவியே இல்லாத காலத்துல என்னப்பா எண்ணுறே?" என்று அம்மா கேட்டாள். "பாட்டி, வருஷத்திலேயே இப்பதான் ஜாஸ்தி. உங்க தட்டுக்கு வராததெல்லாம் வந்திருக்கு" என்று அழைத்துப்போய்க் காட்டினார். கருவேல முள்ளில் வடக்கேயிருந்து வந்த பழுப்புக் கீச்சான். மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள். முருங்கைக்குள் முகம் காட்டாமல் 'ட்செக் ட்செக்' என்கிற ஒரு சின்னக் கதிர்க்குருவி. எங்கள் கழிவுநீர்த் தொட்டி ஓரத்து ஈரச்சருகில், வாலை ஆட்டிக்கொண்டு ஓர் ஆறுமணிக்குருவி. அத்தனை வண்ணங்களையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு, இமயத்தடியிலிருந்து வந்து, எங்கள் செப்டிக் டேங்க் பக்கத்தில் புழு தேடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் அசையாமல் நின்றாள். இவை எதுவும் கம்பு தின்பவை இல்லை. மாடியில் வெறுந்தட்டைப் பார்த்துவிட்டுத் தெருவே வெறிச்சோடியதாக நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

அம்மா போன பிறகும் தட்டு வைக்கிறேன். இப்போது எங்கள் தெருவில் மனைகள் இல்லை, ஒன்றைத் தவிர. கல் நட்டவர்களின் பிள்ளைகள் வந்து அடுக்ககம் கட்டிவிட்டார்கள். தரைக்கு சிமென்ட் கல் பாவி, மழைத்தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். புல்லுக்கு வழியில்லை. ஈசல் எப்போதாவது. சில்லைகளைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. மற்றபடி என் மாடியில் ஐப்பசியிலும் கூட்டம், கார்த்திகையிலும் கூட்டம், கம்பு எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. வருபவை பெரும்பாலும் மாடப்புறாக்களும் காகங்களும் மைனாக்களும். பக்கத்து அடுக்ககத்துப் பெண்மணி, "அங்கிள், உங்க டெரஸ் சேங்க்சுவரி மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். மழைக்காலத்தில் தட்டு நிரம்பி வழிவது எனக்கு நல்ல சேதியாகத் தோன்றவில்லை. அதை அவரிடம் விளக்கினால் பைத்தியம் என்று நினைப்பார்.

மிச்சமிருக்கும் ஒரே மனையை வருஷாவருஷம் புரட்டாசியில் ஜேசிபி வைத்து வழித்துவிடுவார்கள். போன முறை எங்கள் நலச்சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, தெருவில் பறவைகளுக்குத் தீனிக்கூண்டு வைக்கப்போவதாகவும், நல்ல கூண்டு எது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்.

"கூண்டு வேணாம் சார். அந்த மனையைத் தை வரைக்கும் வழிக்காம விட்டாப் போதும்" என்றேன்.

"பாம்பு வருமே சார்?"

வரும்தான். சாரை நானே பார்த்திருக்கிறேன், கண்ணாடிவிரியன்கூட ஒருமுறை. அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் தெருவோரமாக வழித்துவிட்டு, பின்சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு மட்டும் விட்டுவைப்பதாகப் பேச்சு. ஜேசிபிக்காரரிடம் அதை யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் அன்று காலையில் வீட்டில் இருந்தாக வேண்டும் என்கிறார் செயலாளர்.